ஒட்டுப்போட்ட சட்டையும் பொன் தலையணியும்: 1800-களின் டச்சு நூற்படங்களில் சமூக நிலையைப் படித்தல்

டச்சுப் பிள்ளைகள் பல தலைமுறைகளாக மனப்பாடம் செய்துவந்த பாட்டு ஒன்று உண்டு. யான்ச்சே என்ற சிறுவன் தோட்டத்து மரத்தில் முட்டையளவுக்குப் பிளம் பழங்கள் தொங்குவதைப் பார்க்கிறான். பறிக்கக்கூடாதென்று தந்தை சொல்லியிருக்கிறார். ஆனாலும் இங்கே அப்பாவும் இல்லை, பார்ப்பதற்குத் தோட்டக்காரனும் இல்லை, இவ்வளவு காய்த்த மரத்தில் ஐந்தாறு பழம் போனால் யாருக்குத் தெரியும் என்று ஒரு கணம் சபலப்படுகிறான். பிறகு, ஒரு கைப்பிடிப் பழத்துக்காகச் சொல் தட்டுவதா என்று தன்னையே கேட்டுக்கொண்டு திரும்பி நடக்கிறான். சத்தமில்லாமல் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தந்தை நடுப்பாதையில் எதிரே வந்து, மகனைக் கொஞ்சி, மரத்தை உலுக்கிப் பழங்களை உதிர்க்கிறார். பையன் தொப்பி நிறையப் பொறுக்கிக்கொண்டு துள்ளி ஓடுகிறான். உட்ரெக்ட் நகரத்துச் சட்ட அறிஞர் ஹிரோனிமஸ் ஃபான் ஆல்ஃபன் 1778-இல் வெளியிட்ட குழந்தைப் பாடல்களில் இது ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இப்பாடல்கள் ஓயாமல் மறுபதிப்புக் கண்டன; படங்களுடன் வந்த பதிப்புகளும் பல.

இப்பாட்டுக்குப் படம் வரைபவர் மரத்தை வரைவார், பையனை வரைவார், தந்தையை வரைவார், தொப்பியை வரைவார். தோட்டக்காரனை வரைய வேண்டிய தேவை அவருக்கு இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் நிலையை நமக்குச் சொல்லும் ஆள் அவன்தான். சம்பளத்துக்குத் தோட்டக்காரன் வைத்திருக்கும் வீடு அது. நேராக வெட்டிய நடுப்பாதை உள்ள தோட்டம் அது. பழம் பொறுக்கக் கூடையைத் தேடாமல் தலையிலிருந்து கழற்றிக் கவிழ்த்துக்கொள்ளும்படி நல்ல தொப்பி அணிந்த பையன் அவன். நாளை அந்தத் தோட்டத்துக்கு உரிமையாளனாகப் போகிறவனுக்குச் சொல்லப்படும் கீழ்ப்படிதல் பாடம் இது. அதே பழத்தைத் தோட்டக்காரனின் மகன் பறித்திருந்தால் அது கீழ்ப்படியாமை ஆகாது, திருட்டாகியிருக்கும். அதற்கு வேறு பாட்டும் வேறு படமும் தேவைப்பட்டிருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் வெளியான டச்சு நூற்படங்களை, அதாவது நூல்களில் இடம்பெற்ற படங்களை, பார்ப்பவர் அடிக்கடி தடுமாறும் இடம் இதுதான். உடையைப் பார்த்தவுடன் 'இவர் பணக்காரர், இவர் ஏழை' என்று பிரித்துவிடத் தோன்றுகிறது. அக்காலத்து டச்சுச் சமூகம் மனிதர்களைப் பணத்தால் மட்டும் அளக்கவில்லை. பிறந்த குடும்பம், எந்த நகரத்தின் குடியுரிமை பெற்றவர், எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர், கையால் உழைப்பவரா அல்லது பிறரை உழைக்கச் சொல்பவரா என்பனவெல்லாம் சேர்ந்தே ஒருவரின் இடத்தைத் தீர்மானித்தன. படத்தை வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துபடி. ஆகவே ஓவியர் ஒரு சிறு குறிப்பைக் கோடு காட்டினாலே போதுமானதாக இருந்தது. நமக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பதால், உடையைக் கடைசியாகவும், படத்தில் யார் எங்கே நிற்கிறார், யார் யாரைப் பார்க்கிறார் என்பதை முதலாவதாகவும் கவனிப்பதே பாதுகாப்பான வழி என்பது என் கருத்து.

காலத்தின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1795-இல் பிரெஞ்சுப் படைகளின் துணையோடு பழைய குடியரசு கவிழ்ந்து பட்டாவியக் குடியரசு அமைந்தது. பிறப்பால் வந்த சிறப்புரிமைகள் நீக்கப்பட்டன, தேவாலயச் சுவர்களில் தொங்கிய குடும்பச் சின்னப் பலகைகள் இறக்கப்பட்டன, சில காலம் எல்லாரும் ஒருவரையொருவர் 'குடிமகன்' என்றே விளித்தார்கள். 1806-இல் நெப்போலியனின் தம்பி லூயி அரசரானார். 1810-இல் நாடே பிரான்ஸோடு இணைக்கப்பட்டது. அதே ஆண்டு அரசுக்கடனுக்கான வட்டி மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டபோது, கடன்பத்திர வட்டியை நம்பி வாழ்ந்த பழைய நகரக் குடும்பங்களும், அதே வட்டியில் நடந்துவந்த அறநிலையங்களும் ஒருசேர அடிவாங்கின. 1813-க்குப் பிறகு முதலாம் வில்லியம் முடியாட்சியை அமைத்து, பிரபுப் பட்டங்களையும் மீட்டுக்கொடுத்தார். பட்டம் போய்ப் பட்டம் வந்த இந்த இருபது ஆண்டுகளில், அந்தஸ்து இருந்தும் வருமானம் இல்லாதவர்களும், வருமானம் இருந்தும் அந்தஸ்து கிடைக்காதவர்களும் பெருகினார்கள். ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் நிறுத்திக் காட்டும் படங்களுக்கு அப்போது தேவை இருந்ததில் வியப்பில்லை.

படம் அச்சான முறையே ஒரு சமூகச் செய்தி. செப்புத்தகட்டில் கோடுகள் குழியாக வெட்டப்படுகின்றன. மை அந்தக் குழிகளில் நிற்கிறது. எழுத்தச்சில் மை மேட்டின்மேல் நிற்கிறது. ஒரே அச்சுப்பொறியில் இரண்டையும் சேர்த்து அழுத்த முடியாது என்பதால், செப்புத்தகட்டுப் படங்கள் உருளைப் பொறியில் தனித்தாளில் அச்சாகிப் பிறகு நூலோடு சேர்த்துத் தைக்கப்பட்டன. இதற்கு நல்ல தாள் வேண்டும், தனிப் பணியாளர் வேண்டும், தகடு தேய்வதற்குள் எடுக்கக்கூடிய படிகளுக்கும் அளவு உண்டு. ஆகவே, ரெய்னியர் ஃபிங்கெலெஸ் போன்ற தேர்ந்த செதுக்குநர்களின் படங்கள் இடம்பெற்ற நாவல்களும் பயணநூல்களும், புத்தாண்டுப் பரிசாகக் கைமாறிய, படங்கள் நிறைந்த ஆண்டுநூல்களான பொன்விளிம்புப் பஞ்சாங்கங்களும், வசதியுள்ள வீட்டு மேசைகளுக்கே போய்ச் சேர்ந்தன. மரக்கட்டையில் செதுக்கிய படமோ எழுத்தோடு சேர்ந்தே அச்சாகும், மலிவானது. ஒரு சென்ட்டுக்கு விற்ற ஒற்றைத்தாள்களில் ஏழைப் பிள்ளைகள் பார்த்தது அதைத்தான். நூலில் ஓர் ஏழையின் படம் செப்புத்தகட்டில் இருக்கிறதென்றால், அந்த ஏழை பார்ப்பதற்காக அது அச்சிடப்படவில்லை என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

இப்போது உடைக்கு வருவோம். ஆம்ஸ்டர்டாமில் நூல்களும் படங்களும் விற்ற எவர்ட் மாஸ்காம்ப், 1803 முதல் 1807 வரை நாட்டின் உடைகளையும் வழக்கங்களையும் காட்டும் வண்ணப்படத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். ஜாக் கைப்பர் வரைந்தார், லுட்விக் போர்ட்மான் செதுக்கினார், வண்ணம் கையால் தீட்டப்பட்டது. விளக்கவுரை டச்சில் மட்டுமின்றிப் பிரெஞ்சிலும் இருந்தது. பின்னர் ஆங்கில உரையோடும் வந்தது. விளக்கவுரையின் மொழிகளே வாங்குபவர் யாரென்று சொல்லிவிடுகின்றன: வெளிநாட்டுப் பயணியும், பாரிஸ் பாணியில் உடுத்திய உள்ளூர்க் கனவானும்தான். 1800 வாக்கில் நகரத்து மேல்தட்டினர் பாரிஸ், லண்டன் கனவான்களைப் போலவே உடுத்தினார்கள். அவர்களை நாட்டுக்கே உரிய மாதிரியாக வரைந்துகாட்ட வழியில்லை. எனவே நாட்டின் தனித்தன்மையைச் சுமக்கும் வேலை உழவர் வீட்டுப் பெண்ணுக்கும், மீன்காரிக்கும், தீவில் வாழும் மீனவனுக்கும் வந்து சேர்ந்தது.

இத்தகைய உடைப்படங்களில் இன்றைய கண் செய்யும் பெரிய பிழை, வட்டார உடையை வறுமை உடை என்று படிப்பது. ஃப்ரீஸ்லாந்து, வடஹாலந்து உழவர் குடும்பப் பெண்களின் தலையில் சரிகைத் தொப்பிக்கு அடியில் ஓர் உலோகப் பட்டை தெரியும். டச்சுக்காரர்கள் 'ஓரைசர்' என்று அழைக்கும் இந்த அணி, தொப்பியை நழுவாமல் பிடித்துக்கொள்ளும் கம்பியாகத் தொடங்கியது. பின்னர் அகன்று, ஃப்ரீஸ்லாந்தில் ஏறத்தாழத் தலைக்கவசம் போலவே ஆனது. வசதி குறைந்தவர்கள் வெள்ளியில் அணிந்தார்கள், வசதியான பண்ணைக்காரர் மனைவி பொன்னில் அணிந்தாள். பக்கத்தில் மெல்லிய பாரிஸ் மஸ்லின் உடையில் நிற்கும் நகரத்துச் சீமாட்டியைவிட இவளிடம் கையிருப்பு அதிகமாக இருந்திருக்கலாம். மரத்தைக் குடைந்து செய்த கட்டைக்காலணியும் இப்படித்தான். அது ஈரநிலத்தைக் காட்டுகிறது, வேலையைக் காட்டுகிறது. ஏழ்மையைக் காட்டுவதாகக் கொள்ளத் தேவையில்லை.

துணியும் கவனித்துப் படிக்க வேண்டியது. ஃப்ரீஸ்லாந்துக் கடலோரச் சிற்றூர் ஹின்டலோப்பன் பெண்களின் நீண்ட மேலங்கி, சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுபோன பூவேலைச் சீட்டித்துணியில் தைக்கப்பட்டதால் புகழ்பெற்றது. பழவேற்காட்டிலும், பின்னர் 1781 வரை நாகப்பட்டினத்திலும் தலைமையகம் வைத்து அக்கம்பெனி நடத்திய துணி வாணிபத்தின் எச்சத்தை இந்த உடைப்படங்களில் கண்ணால் காண முடிகிறது. வழக்கமான நாள்களில் செந்நிறப் பூக்கள், துக்க காலத்தில் நீலமும் வெள்ளையும் என்று ஊர்க்கட்டுப்பாடு இருந்தது; ஆகவே நீல அங்கியைப் பார்த்து எளிய குடும்பத்துப் பெண் என்று முடிவுகட்டுபவர் ஒரு சாவு வீட்டைக் கவனிக்கத் தவறுகிறார். ஐரோப்பிய ஆலைகளே பருத்தியில் அச்சிடத் தொடங்கி விலை இறங்கியபோது, முன்பு மதிப்பான பொருளாக இருந்த அச்சிட்ட பருத்தி நகரத்து வேலைக்காரப் பெண்ணின் அன்றாடச் சட்டையாகிவிட்டது. ஒரே வகைத் துணி முப்பது நாற்பது ஆண்டு இடைவெளியில் இருவேறு நிலைகளைக் குறிப்பதால், படம் வெளியான ஆண்டு தெரியாமல் உடையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஆம்ஸ்டர்டாமின் குடிமக்கள் அநாதை இல்லத்துப் பிள்ளைகள் ஒரு பாதி சிவப்பும் மறுபாதி கறுப்புமாக நெட்டுவாக்கில் பிரித்த உடை அணிந்தார்கள். தெருக்காட்சிகளில் இவர்கள் உடனே கண்ணில் படுவார்கள். அநாதைகள், சீருடை, தருமச்சோறு என்று பார்த்து இவர்களைச் சமூகத்தின் அடித்தட்டில் வைத்துவிட எளிதாக இருக்கிறது. அந்த இல்லத்தில் சேர, பெற்றோர் நகரக் குடியுரிமை பெற்றவர்களாக இருந்திருக்க வேண்டும். எனவே அந்தச் சிவப்புக் கறுப்பு உடை ஒருவகையில் பெருமைக்குரிய சான்று. குடியுரிமையற்றவர்களின் பிள்ளைகளும் தெருவில் கண்டெடுத்த குழந்தைகளும் 1666-இல் பிரின்சென் கால்வாய்க் கரையில் கட்டிய வேறோர் இல்லத்துக்குப் போனார்கள். 1820-களில் அந்த இல்லத்துப் பிள்ளைகள் நாட்டின் வடகிழக்கில் இருந்த வேன்ஹைசன் என்ற ஏழைகள் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டார்கள். இல்லக் கட்டடம் நீதிமன்றமாயிற்று. இரண்டு அநாதைகள், இரண்டு விதி.

பழைய பாணி உடையும் ஏமாற்றக்கூடியது. முழங்கால் வரையிலான கால்சட்டையும் மூன்று முனைத் தொப்பியும் நாகரிகத்திலிருந்து மறைந்த பிறகும், வீடு வீடாகச் சென்று இறப்புச் செய்தி அறிவிக்கும் கறுப்புடைக்காரர் அவற்றை விடவில்லை. பிரபு வீட்டு வண்டிக்காரனும் ஏவலாளும் விடவில்லை. ஒரு காலத்தில் எசமானனின் உடையாக இருந்தது பிறகு ஊழியனின் சீருடையாகத் தங்கிவிட்டது. இதற்கு எதிர்த்திசையில், ஆத்ரியான் லோஸ்யெஸ் 1808-இல் வெளியிட்ட 'மௌரிட்ஸ் லைன்ஸ்லாகர்' போன்ற நாவல்கள் பதினேழாம் நூற்றாண்டு வணிகனை நாட்டின் இலட்சிய மனிதனாக நிறுத்தின. அத்தகைய கதைகளுக்கு வரையப்பட்ட அகன்ற கழுத்துப்பட்டையும் கறுப்பு மேலாடையும், அந்நியர் ஆட்சியில் வாணிபம் நொடித்துக் கிடந்த நடுத்தர வகுப்பினர் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பழம்பெருமை.

இனி நிற்கும் இடத்துக்கு வரலாம். உடையைவிட இது நம்பகமானது என்று முன்பே சொன்னேன். டச்சு நகர வீட்டு வாசலில் தெருமட்டத்திலிருந்து சில கற்படிகள் ஏறிச்செல்லும். குழந்தைகள் நூல்களில் அடிக்கடி வரும் ஈகைக் காட்சி இந்தப் படிகளில்தான் நடக்கிறது. மேற்படியில் வீட்டுக் குழந்தை, அதன் தோளைத் தொட்டபடி பின்னால் தாய் அல்லது தந்தை, தெருமட்டத்தில் இரவலர். குழந்தையைவிட இரவலர் உருவத்தில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், படிகளின் உயரம் அவர் தலையைக் குழந்தையின் தலைக்குக் கீழே கொண்டுவந்துவிடுகிறது. அவர் தொப்பி கையில் இருக்கிறது, குழந்தையின் தொப்பி தலையிலேயே இருக்கிறது. குழந்தை இரவலரைப் பார்க்கிறது. இரவலர் காசைப் பார்க்கிறார். பெற்றோர் குழந்தையைப் பார்க்கிறார்கள். இந்தப் பார்வைகளைப் பின்தொடர்ந்தால் படத்தின் பொருள் ஏழையின் துயரம் இல்லை என்பதும், கொடுக்கக் கற்றுக்கொள்ளும் செல்வக்குழந்தையே அதன் பொருள் என்பதும் விளங்கும். ஏழை அங்கே பாடப்பொருளாக வந்து நிற்கிறார்.

வீட்டுக்குள்ளும் இதே கணக்குத்தான். உட்கார்ந்திருப்பவர், நிற்பவர், வெறுங்கையோடு இருப்பவர், பாத்திரமோ விளக்குமாறோ பிடித்திருப்பவர், அறையின் நடுவில் இருப்பவர், கதவுநிலையில் பாதி மறைந்து நிற்பவர் என்று பிரித்துப் பார்த்தால் உடை தெளிவாகத் தெரியாத மங்கலான படத்திலும் யார் எசமானி, யார் பணிப்பெண் என்று சொல்லிவிடலாம். புகைக்குழாயின் நீளமும் உதவும். கௌடா நகரத்து நீண்ட களிமண் குழாயைப் பிடிக்க ஒரு கை ஓய்வாக இருக்க வேண்டும், உட்கார இடமும் பொழுதும் வேண்டும். வேலை செய்துகொண்டே பல்லில் கடித்துக்கொள்ளத் தோதான குட்டைக்குழாய் கூலியாளுக்கும் படகோட்டிக்கும் உரியது. இதுபோன்ற கருவிகளை ஓவியர்கள் தற்செயலாக வரைவதில்லை.

ஏழைகளுக்குள்ளும் படங்கள் ஒரு கோடு கிழித்தன. அதுதான் இக்காலத்து நூற்படங்களின் மிகக் கூர்மையான சமூகச் செய்தி. சட்டையில் ஒட்டுப்போட்டிருக்கிறதா, கிழிந்து தொங்குகிறதா என்று பாருங்கள். ஒட்டுப்போட்ட சட்டை அணிந்தவர் உழைப்பாளி, விதியால் நலிந்தவர், உதவிக்குத் தகுதியானவர். அவர் வீட்டில் பெருக்கிய தரை, ஒரு கைராட்டை, மேசையில் விவிலியம். கிழிசலோடு திரிபவர் சோம்பேறி அல்லது குடிகாரர்; அவர் வீட்டில் கவிழ்ந்த நாற்காலி, காலிக் குவளை, அழும் குழந்தை. எடாம் ஊரில் பாதிரியார் யான் நியூவென்ஹைசன் 1784-இல் தொடங்கிய பொதுநலச் சங்கம் பள்ளிக்கூடங்களையும் மலிவு நூல்களையும் கொண்டு எளியவர்களைத் திருத்தப் புறப்பட்டபோது அதன் கையில் இருந்தது இந்தப் பிரிவினைதான். 1806-இன் பள்ளிச் சட்டம் இந்த நோக்கத்தை நாடு முழுவதும் கொண்டுசென்றது. நிகோலாஸ் ஆன்ஸ்லைன் 1810-இல் எழுதிய 'நல்ல ஹென்ட்ரிக்' என்ற பள்ளி வாசிப்பு நூலின் நாயகன் தவறே செய்யாத பையன். அந்தப் பெயர் பிற்காலத்தில் கேலிப்பேச்சாகவே நிலைத்துப்போனதில் பள்ளிப் பிள்ளைகளின் தீர்ப்பும் கொஞ்சம் கலந்திருக்க வேண்டும். இந்த நூல்கள் நல்ல ஏழைக்கு மேல்தட்டுக்கு ஏறும் வழியைக் காட்டவில்லை. இருக்கும் படியிலேயே சுத்தமாகவும் மனநிறைவோடும் இருக்கச் சொல்லின.

இவற்றில் வரைவதற்கு மிகக் கடினமாக இருந்தவர், நிலைதாழ்ந்த நல்ல குடும்பத்தவர். வட்டி குறைக்கப்பட்ட பிறகு இப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். வெளியே தெரியாமல் அவர்களுக்கு உதவியும் போயிற்று. கந்தல் உடுத்தினால் அவர்களின் அந்தஸ்து போய்விடும், நல்லுடை உடுத்தினால் வறுமை தெரியாது. ஓவியர் இதை அறையை வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது: நேர்த்தியான கழுத்துப்பட்டை, வெறுமையான சுவர், கணப்பில் அணைந்த நெருப்பு. ஆள்களை மட்டும் பார்த்துக்கொண்டு அறையைப் பார்க்காதவர் இங்கே கதையைத் தவறவிட்டுவிடுவார்.

படத்துக்குள் வராதவர்களையும் சேர்த்துத்தான் சமூக நிலையைக் கணக்கிட வேண்டும். பஞ்சாங்கப் படங்களில் வரும் தேநீர் மேசை குடும்ப ஒழுக்கத்தின் அடையாளமாக நிற்கிறது. அதன்மேல் இருக்கும் சர்க்கரையை 1863 வரை சுரினாமில் அடிமைகள் விளைவித்தார்கள், காப்பியை ஜாவாவின் உழவர்கள் விளைவித்தார்கள். அவர்களில் ஒருவரும் அந்த அறைக்குள் வருவதில்லை. இதில் ஒரு மனிதரின் வாழ்க்கை இரண்டு முனைகளையும் இணைக்கிறது. 1818-இல் ஏழைகளை வேளாண் குடியேற்றங்களில் வைத்து உழைப்பால் திருத்துவதற்கென அறச்சங்கம் ஒன்றை நிறுவியவர் யோஹான்னஸ் ஃபான் டென் பாஸ். வேன்ஹைசன் அச்சங்கத்தின் குடியேற்றங்களில் ஒன்று. அதே மனிதர்தான் 1830-இல் கிழக்கிந்தியத் தீவுகளுக்குத் தலைமை ஆளுநராகப் போய், ஜாவா உழவர்கள் அரசு சொல்லும் பயிரை விளைவித்துக் கொடுக்கவேண்டும் என்ற கட்டாயப் பயிர்முறையைக் கொண்டுவந்தார். உள்நாட்டு ஏழைக்கும் கடல்கடந்த உழவனுக்கும் அவர் எழுதிய மருந்து ஒன்றே. நூற்படங்களில் முதலாமவனுக்கு ஒட்டுப்போட்ட சட்டையாவது கிடைத்தது.

முகங்களைப் பற்றி ஒரு சொல். கீழ்த்தட்டினரைக் குட்டையாகவும் உருண்டையாகவும், பெரிய மூக்கோடும் பிளந்த வாயோடும் வரைவது பதினேழாம் நூற்றாண்டில் ஆத்ரியான் ஃபான் ஓஸ்தாட முதலியோரின் உழவர் காட்சிகளிலிருந்து வந்த சொத்து. பெர்லின் ஓவியர் டானியேல் கொடொவீட்ஸ்கியின் சிறுபடங்களும், முகத்தில் குணத்தைப் படிக்கலாம் என்ற லவாட்டரின் கோட்பாடும் அக்காலத்து ஐரோப்பா எங்கும் பரவி, மேல்தட்டினரின் முகத்துக்கு மெல்லிய பக்கவாட்டுக் கோட்டையும் அமைதியையும் கொடுத்தன. சிரித்துப் பல்லைக் காட்டும் உருவம் ஒன்று படத்தில் இருந்தால் அது பெரும்பாலும் வேலைக்காரியாகவோ சந்தைக்காரனாகவோ இருக்கும். முகத்தை ஆதாரமாகக் கொண்டு அக்காலத்து உழவர்கள் எப்படி இருந்தார்கள் என்று பேசுவது வீண்வேலை.

படத்துக்குக் கீழே உள்ள வரியையும் விடக்கூடாது. மணமான பெண்களில் ஆளும் குடும்பத்தவரை 'மெஃப்ரௌ' என்றும், கடைக்காரர், கைவினைஞர் போன்ற நடுத்தரக் குடும்பத்தவரை 'யுஃப்ரௌ' என்றும், அதற்கும் கீழ் வெறும் 'ஃப்ரௌ' என்றும் விளிப்பது அன்றைய வழக்கம். உடை ஒரே மாதிரி இருக்கும் இரு பெண்களில் யார் மேல் என்று தெரியாமல் திகைக்கும்போது கதையின் உரையாடல் ஒரே சொல்லில் தீர்த்துவைக்கும்.

ஒற்றைத்தாள் மரச்செதுக்குப் படங்கள் இதற்கெல்லாம் ஓரளவு எதிர்ப்பேச்சு. 'யான் டெ வாஸர்' என்ற தொடரில் மனைவி கால்சட்டையை மாட்டிக்கொள்கிறாள். கணவன் துணி துவைக்கிறான், குழந்தையைப் பார்த்துக்கொள்கிறான். சிரிப்புக்காகத் தலைகீழாக்கிய உலகம் இது. ஆனால் அங்கே வரும் அடுப்பும் தொட்டிலும் வாளியும் எளிய குடும்பத்தின் உண்மையான பொருள்கள், செப்புத்தகட்டு நூல்களில் இவ்வளவு நெருக்கமாகக் காணக் கிடைக்காதவை. ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை: இந்த மரக்கட்டைகள் ஓர் அச்சகத்திலிருந்து இன்னோர் அச்சகத்துக்கு விலைபோய்ப் பல பத்தாண்டுகள் உழைத்தன. 1820-இல் விற்ற தாளில் இருக்கும் உடை பாட்டன் காலத்து உடையாக இருக்கலாம்.

1840 வாக்கில் தொழில்நுட்பம் மாறியது. கடினமரத்தின் குறுக்குவெட்டில் நுணுக்கமாகச் செதுக்கும் முறை பரவியபோது, நயமான படத்தையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் அச்சிட முடிந்தது. ஹேக் நகரில் அதையொட்டி வெளியான 'டெ நேடர்லாண்டன்' என்ற நூல், பல்வேறு சமூக நிலையினரின் குணச்சித்திரங்களையும் உடைகளையும் தோற்றத்தையும் காட்டுவதாகத் தலைப்பிலேயே அறிவித்தது. பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் அப்போது விற்பனையில் கொடிகட்டிப் பறந்த வகை அது. நிகோலாஸ் பேட்ஸ் இதற்குப் படகுக்காரர், நாவிதர், வாடகை வண்டிக்காரர், மார்கன் தீவு மீனவர், லிம்பர்க் வண்டியோட்டி, பிரசவித்த தாயையும் சேயையும் கவனித்துக்கொள்ளும் செவிலி ஆகியோரைப் பற்றி எழுதினார். பெல்ஜியம் பிரிந்துபோய் எல்லைகள் முடிவான வேளையில், மிஞ்சிய நாட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது போன்ற முயற்சி. இங்கே மனிதர் ஒருவர் தம் தொழிலுக்கும் ஊருக்கும் மாதிரியாக நிறுத்தப்படுகிறார். முந்தைய படங்களில் அவரோடு நின்ற எசமானனும் படிக்கட்டும் காசு நீட்டும் குழந்தையும் ஒதுங்கிவிடுகிறார்கள். அவருக்குக் கண்ணியம் கூடியிருக்கிறது என்று சிலர் கருதுவார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் அவரை யார் வேலைக்கு வைத்திருந்தார், யாருக்கு அவர் தொப்பியைக் கழற்றினார் என்ற கேள்விக்குப் படத்தில் விடை இல்லாமல் போய்விட்டது. இந்த வகையில் பழைய ஈகைக் காட்சி அதிக நேர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று இப்படங்களைப் பார்க்க ஆம்ஸ்டர்டாம் போகவேண்டியதில்லை; ரைக்ஸ் அருங்காட்சியகம் தன் தொகுப்பிலுள்ள ஏராளமான அச்சுப்படங்களை இணையத்தில் கட்டணமின்றிக் கொடுக்கிறது. அங்கே கிடைப்பவை பல நூலிலிருந்து பிரிந்த தனித்தாள்களாக இருப்பதால், எந்த நூலின் எந்தப் பக்கத்துக்கு எதிரே அது தைக்கப்பட்டிருந்தது என்பதைத் தேசிய நூலகத்தின் மின்பதிப்புகளில் தேடிப் பொருத்திக்கொள்வது நல்லது. வண்ணத்தை மட்டும் எளிதில் நம்பக்கூடாது. கையால் தீட்டிய படங்களில் ஒரே தகட்டின் இரண்டு படிகளில் மேலாடை ஒன்றில் பச்சையாகவும் மற்றதில் பழுப்பாகவும் இருப்பதுண்டு. அது அணிந்தவரின் நிலையைச் சொல்லாது, தீட்டியவரின் கிண்ணத்தில் அன்றைக்கு மிஞ்சியிருந்த வண்ணத்தைச் சொல்லும். அநாதைப் பிள்ளையின் சிவப்புக் கறுப்பு உடை போல, நிறத்துக்கு வெளியே வேறு சான்று இருக்கும்போது மட்டுமே அதன்மேல் முடிவுகளைக் கட்டலாம்.